பத்துப் பேரும் உள்ளே

பேட்டரி கம்பெனி வந்தபோது எங்கள் இருளர் காலனிக்குப் பத்து வேலை என்றார்கள். முதல் ஆளாக ஓடியவன் நான்தான். சவரம் செய்து, பவுடரை அப்பிக்கொண்டு, பல்லைக் காட்டி நின்றேன். எங்கள் பத்துப் பேர் முகத்தையும் படமெடுத்துப் பத்து ரோபோக்களுக்கு மாட்டிவிட்டு, எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அரசாங்கப் பதிவில் நாங்கள் தொழிலாளர்கள்.

நேற்று, தோட்ட வேலையாவது கிடைக்குமா என்று கேட்கப் போனேன். கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றது என் முகம்தான். பவுடர்கூடக் கலையவில்லை.

"சார், காலனி ஆளு நானு. எதனா வேலை கெடைக்குமா சார்?"

"காலனி ஆளுங்க பத்துப் பேரும்தான் உள்ள இருக்கோமே. இனிமே எடமில்ல" என்று அது பல்லைக் காட்டியது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பழக்கதோஷம், பதிலுக்கு நானும் பல்லைக் காட்டினேன்.