காதில் விழுந்தால்

"சாப்பிடுறப்ப பேசினா சோத்துக்குக் கோவம் வரும்னு எங்கப்பா சொல்வாருங்க ஐயா. சோத்துக்கா, வயித்துக்கான்னு சரியா ஞாபகமில்லை. ஆனா தமிழ்ல பேசினாத்தான் கோவம் வரும், இங்கிலீஷ்ல பேசினா வராதுன்னு அவர் சொன்னதே இல்லீங்க."

சிவசம்பு வாத்தியார் சிரிக்கவில்லை. சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்:

"இப்ப உமக்கு என்ன வேணும், அய்யாவு?"

அய்யாவு செந்தூல் ரயில் பட்டறையில் கொல்லர். வேலை விட்டதும் கைக்கரியைக்கூடச் சரியாகக் கழுவாமல் பிரிக்பீல்ட்ஸிலிருந்த வாத்தியார் வீட்டுக்கு ஓடி வந்திருந்தார்.

"எம்மவன் வாசு. ஒங்க இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துலதான் சின்ன வகுப்பு படிக்கிறான். ரெண்டு தடவை பிடிபட்டுட்டான். இன்னொரு தடவை பிடிபட்டா பேரை அடிச்சிருவாங்களாமே?"

"அதுதான் சட்டம். சாப்பாட்டு நேரத்தில இங்கிலீஷ் தவிர வேற பாஷை பேசப்படாது. சீனப் பிள்ளையளுக்கும் மலாய்ப் பிள்ளையளுக்கும் அதேதான்."

"தெரியுமுங்க. பக்கத்துல ஒரு சீனப் பையன் உக்காருறானாம். ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கிறாங்களாம். அப்படியும் மொதத் தடவை விக்கல் எடுத்து, 'தண்ணி'ன்னுட்டான். அடுத்த தடவை தூக்குச்சட்டி மூடி விரலைக் கிழிச்சிருச்சு. 'அம்மா'ன்னான். அதையும் எழுதிட்டாங்க. விரல் அறுபட்டவன் இங்கிலீஷ்லயா ஐயா கத்துவான்?"

"எழுதினது நானில்லை. ரெண்டும் நான் காய்ச்சலில படுத்திருந்த கிழமை நடந்தது. ஜெயராஜ் மாஸ்டர் பார்த்தவர்."

"நாளைக்கு நீங்கதானே மறுபடி காவலு? கையெடுத்துக் கும்பிடுறேன். பய வாய் தவறி ஏதாச்சும் சொன்னா, கேக்காத மாதிரி போயிருங்க."

"அது நடவாது." வாத்தியாரின் குரல் உயரவில்லை. "என்ர காதில விழுந்தால் எழுதித்தான் குடுப்பன். பொய் சொல்லிச் சம்பளம் வாங்கிற பழக்கம் எனக்கில்லை. அவ்வளவு பயமெண்டால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில விடுமன்."

"விடலாமுங்க. எங்க பட்டறையில கன்னையான்னு ஒருத்தன். மிஷின்கிட்ட நின்னான். துரை இங்கிலீஷ்ல என்னமோ கத்தினான். இவனுக்கு வெளங்கலை. கையை எடுக்கச் சொல்லியிருக்கான். இப்ப அந்தக் கை இல்லை." அய்யாவு தன் கையைப் பார்த்துக்கொண்டார். "எம்மவனும் நாளைக்கு அந்தப் பட்டறைக்குத்தான் வருவான். துரை கத்துறது அவனுக்காவது வெளங்கட்டும்னுதான் ஐயா."



வாத்தியாரின் மனைவி கனகேஸ்வரி காப்பி கொண்டுவந்து வைத்தார். அய்யாவு குடிக்காமல் எழுந்தார். வாசலில் ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்து, புதுக் கருக்கு மாறாமல் இருந்தது.

"ஐயாவுக்குப் புதுசுங்களாம்மா?"

"பள்ளிக்கூடத்துப் பெரிய துரை குடுத்தது," என்றார் கனகேஸ்வரி. "இவர் பழைய சப்பாத்தில லாடம் அடிச்சு வச்சிருந்தவர். டக்கு டக்கெண்டு நடக்கேக்க பொடியள் உஷாராகிவிடுறாங்களாம். அதாலதான் நாலு வருசமா இவர் ஒருத்தனையும் பிடிக்கேல்லையெண்டு துரைக்குக் கோவம். இது ரப்பர். சத்தமே வராது. நாளையிலயிருந்து இதைத்தான் போடோணுமாம்."

அய்யாவு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"அப்ப பூனை மாதிரி பின்னால வந்து நிப்பீங்க!"

"துரையின்ர உத்தரவு. போடத்தான் வேணும்," என்றார் வாத்தியார்.

"போடுங்க ஐயா, போடுங்க. பச்சைப்பிள்ளைங்க சோறு திங்கிற எடத்துல பதுங்கிப் பதுங்கிப் பிடிச்சு, துரைகிட்ட நல்ல பேரு வாங்குங்க. நீங்களும் தமிழ்தான்னு நெனச்சு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

படியிறங்கிவிட்டார்.

"நில்லும்."

வாத்தியார் எழுந்து மூலைக்குப் போனார். அங்கே சாத்தியிருந்த தடித்த பிரம்புத் தடியை எடுத்துவந்து நீட்டினார்.

"நீர் கொல்லர்தானே? விடியிறதுக்குள்ள இதின்ர அடி நுனிக்கு ஒரு இரும்புப் பூண் போட்டுத் தர ஏலுமோ?"

அய்யாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"பிரம்பு பத்தாதுன்னு இரும்பு வேறயா? எம்மவனை அடிக்க நானே செஞ்சு குடுக்கணுமா? மனுசன்தானா ஐயா நீங்க?"

"அடிக்க இல்லை. ஊண்டி நடக்க."

"ஒங்க காலு நல்லாத்தானே இருக்கு?"

"கால் நல்லாத்தான் இருக்கு," என்றார் சிவசம்பு. "பூணை மட்டும் நல்ல கனமாப் போடும். சாப்பாட்டுக் கூடத்துச் சீமெந்துப் படியில நான் ஏறத் தொடங்கேக்கயே, கடைசி வாங்குப் பலகையில இருக்கிற பொடியனுக்கும் சத்தம் கேக்கோணும்."