ஆள் இல்லாத பாலம்

மூன்று மணி நேரம் நாற்பது நிமிடமாக அவள் கேமராவோடு பாலத்தின் இந்த முனையில் நின்றாள். அந்த முனையில் இன்னொரு கேமராவோடு அந்த ஆள். நட்பான புகைப்படப் போட்டிதான், ஆனால் விதிப்படி படத்தில் பாலம் மட்டுமே இருக்க வேண்டும். படம் அனுப்ப இன்றுதான் கடைசி நாள்.

"தள்ளிப் போங்க! என் படத்துல விழுறீங்க!"

"நீ மட்டும் என் படத்துல விழலையா? முதல்ல நீ போடி!"

"நான் போனா நீங்க ஜெயிக்கலாம், அதானே?"

சூரியன் இறங்கியது. இருவரும் அசையவில்லை.

சத்தம் கேட்டுப் பாலத்துக் காவலாளி அவளிடம் ஓடி வந்தார். "பொம்பளைப் புள்ளைய வாடி போடிங்கறான்! போலீஸைக் கூப்பிடறேன். நீ வீட்டுக்குக் கிளம்பும்மா."

வெளிச்சம் போய்விட்டது. அவள் கேமராவைப் பையில் திணித்தாள்.

"எப்படிண்ணே கிளம்புறது? ஸ்கூட்டர் சாவி அவர்கிட்டல்ல இருக்கு! அவர் என் வீட்டுக்காரர்."