நீலக்காரன்

"இந்த ஞாயித்துக்கிழமையும் அந்த நீலக்காரன் என்னை வளைவுல முந்தினான்னு வையுங்க, வண்டியை வித்துட்டு சைக்கிள் வாங்கிடுவேன் தம்பி!"

கண்ணாடிக் கடைக்காரர் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர். மாதம் ஒரு முறை பந்தயத் தளத்தில் வண்டியை விரட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"நேர் ரோட்டுல நான்தான் முன்னாடி. கடைசி வளைவு வந்ததும் நான் ஒரு பக்கம் திருப்புவேன், வண்டி மூக்கு இன்னொரு பக்கம் போகும். அந்தக் கேப்புல நீலக் காரு புகுந்து போயிடும், களவாணிப் பய! ஹெல்மெட்டைக் கழட்டி மூஞ்சியைக் காட்டினதே இல்லை. முடிஞ்சதும் நின்னு ஒரு வார்த்தை பேசறானா? அடுப்புல பால் வெச்சுட்டு வந்தவன் மாதிரி ஓடிடறான்."

காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் இருமினான். ஓரமாக நின்றிருந்த கடைக்காரரின் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவரை இந்த ஷெட்டுக்கு இழுத்து வந்ததே அவள்தான். கட்டினால் இந்த மெக்கானிக்கைத்தான் கட்டுவேன் என்று போன வாரம் சாப்பாட்டு மேஜையில் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள். "முதல்ல என் வண்டியை ஒழுங்கா திரும்ப வைக்கட்டும், அப்புறம் கல்யாணப் பேச்சு" என்று அவரும் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது வண்டியும் ஜெயிக்க வேண்டும், மகளையும் லேசில் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. மனிதர் பாடு திண்டாட்டம்தான்.

மெக்கானிக் வெளியே வந்து முன்சக்கரத்தைக் காட்டினான்.

"இங்க தொட்டுப் பாருங்க சார். டயர் வெளி ஓரம் வழவழன்னு தேஞ்சிருக்கு. உள் ஓரம் புதுசு மாதிரி இருக்கு. திரும்பும்போது வண்டி சாயுது. டயரு இந்த ஓரத்துல மட்டும்தான் நிக்குது."

"ஒத்தைக் கால்ல நிக்குதுன்னு சொல்லுங்க."

"அதேதான். முன்னாடி கெட்டியான ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர் போட்டு, சக்கரத்தோட தலையை மயிரிழை உள்பக்கமா சாய்ச்சு வெக்கிறேன். அப்புறம் வளைவுல டயர் முழுசா ரோட்டுல உக்காரும்."

"தூக்கிப் போடுமே? என் வீட்டுக்காரி முதுகு வலின்னு உயிரை எடுத்துடுவாளே."

"அதுக்குத்தான் இந்தத் திருகு இருக்கிற ஷாக் அப்சார்பர் போடறேன். வீட்டுக்குப் போறப்ப கொஞ்சம் லூஸ் பண்ணிட்டாப் போதும், அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது."

மாமியார் முதுகுக்கு இப்போதே கவலைப்படுகிறானே என்று அவர் மனசு கொஞ்சம் இளகியது. முகத்தை மட்டும் கடுகடுவென்றே வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு சார். கடைசி வளைவுல போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டைத் தாண்டினப்புறம்தான் நீலக் கார் பிரேக்கை விடும். நீங்க அதுக்கு முன்னாடியே விட்டுடுங்க. வண்டி பிடிச்சுக்கும், பயப்படாதீங்க."

"அவன் சமாசாரம் உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"நானும் ரேஸ் பாக்க வருவேன் சார்" என்று சொல்லிவிட்டு மீண்டும் காருக்கு அடியில் புகுந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வளைவில் நீலக் கார் வழக்கம்போல உள்பக்கம் மூக்கை நீட்டியது. கண்ணாடிக் கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு முன்னாலேயே பிரேக்கை விட்டார். சிவப்புக் கார் மூக்கைத் திருப்பிய பக்கமே ஒட்டிக்கொண்டு போனது. நீலக் காருக்கு நுழைய இடமே கிடைக்கவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கியவர் சின்னப் பையனைப் போலக் குதித்தார். ஓடி வந்த மெக்கானிக்கை எல்லார் முன்னாலும் கட்டிக்கொண்டு, "மாப்பிள்ளை!" என்று கத்தினார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த வாரம் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளைக்கு அம்மா மட்டும்தான். மூக்குக்கண்ணாடி போட்ட அமைதியான அம்மாள். வாய் நிறைய வரவேற்று உட்காரவைத்தார். தேதி பேச வந்தவர் பந்தயக் கதையை ஆரம்பித்துவிட்டார். மனைவி இரண்டு முறை கிள்ளிப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"...அவ்வளவுதான் சம்பந்தி, நம்ம பையன் கை பட்டதும் வண்டி தண்டவாளத்துல போற மாதிரி திரும்புச்சு! அந்த நீலக்காரன் மூஞ்சியை மட்டும் பாக்க முடியலை. ஹெல்மெட்டுக்குள்ள குலுங்கிக் குலுங்கி அழுதிருப்பான்!"

மாப்பிள்ளை எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அழலைங்க சம்பந்தி. நான் பெத்த பிள்ளை பண்ணின வேலையே என்னை ஜெயிச்சுடுச்சேன்னு சிரிச்சுக்கிட்டேதான் வந்தேன். அப்புறம், அது நீலக்காரன் இல்லை, நீலக்காரி" என்றவர், சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பினார். "மிச்சத்தை அடுத்த மாசம் வளைவுல பாத்துக்கலாம், இருங்க, அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன்!"