அக்டோபரில் ஸ்வெட்டர்

"இடுப்பு நாப்பத்தெட்டு," என்றாள் சிபேகோ.

சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் கருவாடு விற்கிற முசோண்டாவுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

அளவு கொடுக்க நின்றிருந்த நர்ஸ் நசிலேலேவுக்குக் கூச்சமே இல்லை. "அம்பதாவே வெச்சுத் தையும்மா. கிறிஸ்துமஸ் வருதுல்ல."

இந்த நர்ஸை மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். சும்மா இருக்கமாட்டாள். கடை கடையாக ஏறி, யார் என்ன சாப்பிட்டார்கள் என்று துப்பு விசாரிப்பாள். ஊர் சாப்பாட்டில் இவளுக்கு என்ன அக்கறை என்று பொம்பளைகளுக்கு எரிச்சல்.

லுசாகாவில் அக்டோபர் வெயில் தகரக் கூரையை அடுப்பாக்கிவிடும். மார்க்கெட்டே அட்டையை எடுத்து விசிறிக்கொண்டிருந்தது. தையல்காரி சிபேகோ மட்டும் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"காய்ச்சலா?" என்றாள் நர்ஸ்.

"டயட், சிஸ்டர்."

"என்ன சாப்பிடுற?"

ஆரம்பிச்சுட்டா என்று நினைத்துக்கொண்டே சொன்னாள் சிபேகோ. "காலைல வெறும் டீ. மத்தியானம் ஒரு அவிச்ச முட்டை. சாயங்காலம் அரை வெள்ளரிக்கா."

"அப்புறம்?"

"அப்புறம் தூக்கம்."

"மெஷின்லயே தூங்குறா சிஸ்டர்," என்று முசோண்டா போட்டுக்கொடுத்தாள். "போன வாரம் ஒரு சட்டைக்கு ரெண்டு எடது கை தெச்சுட்டா. அந்த ஆளு வந்து ஆடின ஆட்டம் இருக்கே."

"நீ கருவாட்டைப் பாரு," என்றாள் சிபேகோ.

சிபேகோவுக்கு வேறு வழியில்லை. சனிக்கிழமை தங்கைக்குக் கல்யாண விருந்து, பெண்கள் மட்டும் கூடுகிற கிச்சன் பார்ட்டி. தங்கையின் ஆபீஸ் தோழி ஒருத்தி வருகிறாள். அவள்தான் சிபேகோவின் முன்னாள் புருஷனுக்கு இந்நாள் பெண்டாட்டி. துடைப்பக் குச்சிக்குப் பாவாடை கட்டின மாதிரி இருப்பாள். அவள் பக்கத்தில் அண்டா மாதிரி போய் நிற்பதைவிட, சிபேகோ செத்தே போவாள்.

"எடை குறைஞ்சுச்சா?" என்றாள் நர்ஸ்.

"மொத வாரம் நாலு கிலோ சரசரன்னு எறங்குச்சு. அப்புறம் மூணு வாரமா முள்ளு அசையல. அதான் இன்னைலேர்ந்து முட்டையையும் நிறுத்திட்டேன்."

நர்ஸ் பெருமூச்சு விட்டாள். "மொத போனதுல பாதி தண்ணி. இவ்வளவு கம்மியாத் தின்னா, பஞ்சம் வந்துடுச்சுன்னு உடம்பு நெனச்சுக்கும். அடுப்பைச் சின்னதாக்கி வெச்சுக்கும். கை சில்லுன்னு ஆகும். முடி கொட்டும். எந்திரிச்சு நடக்கவே மனசு வராது. கொழுப்போட சேர்த்து நல்ல சதையையும் கரைச்சுத் தின்னும். நீ முட்டையை நிறுத்தினா, அது தீயை இன்னும் எறக்கும். போட்டி போட்டு உன்னால ஜெயிக்க முடியாது."

நாற்பத்தெட்டு இஞ்சு வந்து நமக்கு இளைக்கிற பாடம் நடத்துது என்று சிபேகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். உங்க அடுப்பும் அப்படி ஒண்ணும் பிரமாதமா எரியுற மாதிரி தெரியலையே."

முசோண்டா சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டிலிருந்து கருவாடு சிதறியது.

நர்ஸும் சிரித்தாள். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அது சிபேகோவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முட்டி போட்டு நீளம் அளந்துவிட்டு சிபேகோ எழுந்தாள். கடை ஒரு சுற்றுச் சுற்றியது. கண் இருட்டிக்கொண்டு வர, அப்படியே முன்னால் சாய்ந்தாள்.

நல்லவேளை, முன்னால் நின்றது துடைப்பக் குச்சி இல்லை. மெத்தையில் விழுந்தது போல நர்ஸின் மேல் விழுந்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

நர்ஸ் அவளைத் தரையில் கிடத்தி, காலைத் துணிக்கட்டின் மேல் தூக்கி வைத்தாள். கண் நன்றாகத் திறந்த பிறகு, முசோண்டா கொண்டுவந்த சர்க்கரை டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். அப்புறம் தன் டிபன் டப்பாவைத் திறந்தாள். சோள மாவில் கிளறிய நிஷிமா, பீன்ஸ், வேர்க்கடலை போட்ட கீரை. ஒரு வாய் உருட்டி நீட்டினாள்.

"வேணாம். நிஷிமாவைத் தொடவே கூடாதுன்னு அந்தத் தாள்ல போட்டிருக்கு," என்று சிபேகோ முகத்தைத் திருப்பினாள்.

"எந்தத் தாளு?"

"டயட் தாளு. யாரோ கையால எழுதினது. அதைப் படம் புடிச்சு ஊரே அனுப்பிக்குது. எனக்கும் போன்ல வந்துச்சு."

"பசிச்சா ஐஸ் கட்டி மெல்லணும்னு கடைசி வரில இருக்குமே?"

"ஆமா. உங்களுக்கும் வந்துச்சா?"

சிபேகோ வாயைத் திறந்திருந்த நேரம் பார்த்து நர்ஸ் உருண்டையை உள்ளே தள்ளினாள்.

"எனக்கு வரல. என்கிட்டேர்ந்துதான் போச்சு. நாலு மாசத்துல முப்பது கிலோ எறங்கினேன். வார்டுல எல்லாரும் கேட்டாங்க, பெருமையா எழுதிக் குடுத்தேன். அது இப்ப யார் யார்கிட்ட இருக்குன்னு தேடித்தான் கடை கடையா அலையுறேன்."

சிபேகோ மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"மெல்லு," என்றாள் நர்ஸ், அடுத்த வாயை உருட்டியபடி. "அதை எழுதுனப்போ என் இடுப்பு இருபத்தெட்டு."