யாரிடமும் சொல்லக்கூடாதது

இந்தக் காலத்தில் எல்லாரும் வீடு வாங்கிவிடுகிறார்கள், வாசலை மட்டும் வாட்ச்மேன் தலையில் கட்டிவிடுகிறார்கள். எங்கள் குடியிருப்புக்கு யார் வந்தாலும், அந்த வீட்டுக்காரர் இணையத்தில் தன் பாஸ்வேர்டைப் போட்டுச் சம்மதித்தால்தான் நான் கேட்டைத் திறக்கலாம் என்று போன வாரம் செயலாளர் பார்த்திபன் ஏற்பாடு செய்தார். யாருடைய பாஸ்வேர்டாவது எனக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும் என்றும் சொன்னார். இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதுபோல ஒவ்வொருவராக வந்து, "மீட்டிங்ல இருப்பேன் தாத்தா, நீங்களே போட்டு விட்ருங்க" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்றால் யார் கேட்கிறார்கள்?

இன்று காலை செயலாளர் என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"உண்மையச் சொல்லுங்க பெரியவரே. எத்தனை வீட்டோடது தெரியும்?"

இந்த வயதில் வேறு கேட்டை எங்கே போய்த் தேடுவது? ஆனாலும் பொய் வரவில்லை.

"உங்க வீட்டத் தவிர எல்லாம் தெரியும் சார்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து, "மத்தியானம் எங்கம்மா வர்றாங்க. எங்க வீட்டோடதையும் எழுதிக்கிறீங்களா?" என்றார்.

"இதுக்குத்தான் இவ்ளோ பூட்டா சார்?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போனேன்.