தொள்ளாயிரம் டிகிரி

மாணவி பீக்கரில் நூறு டிகிரியில் பேட்டரிப் பொடி தயாரிப்பது பேராசிரியருக்கு இளக்காரம்.

“வெந்நீர் வச்சா ஆக்சைடு வந்துடுமா? தொள்ளாயிரம் டிகிரி உலையில வேகணும்மா.”

தன் கலவையை உலையில் வைக்கும்படி பேராசிரியர் அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். எடுக்கப் போனார்.

“சார், அந்த உலை...” மாணவி இழுத்தாள்.

“உன்னைக் கேட்டேனா?”

உள்ளேயிருந்த கிண்ணத்தைத் தானே எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அந்தப் பொடியில் செய்த பேட்டரி அபாரமாக உழைத்தது. ஆய்வகத்தில் எல்லோரையும் கூட்டிவிட்டார்.

“பார்த்தியா? இதுதான் உலையோட மகிமை. உன் வெந்நீர்ல போய்க் குளி.”

வாசலில் உலை மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

“கழட்டலாமா சார்? கம்பி அறுந்து மூணு வாரமாச்சு. உங்க கலவை வேகாம மேஜையிலேயே கிடக்கு. தூசி படக்கூடாதுன்னு இந்தம்மா தன் பொடியைத்தான் உள்ள வச்சிருந்தாங்க. எடுத்தாச்சுல்ல?”