கூப்பிட்டால் வராது

இந்த முறை சொல்லப்போவதில்லை என்று ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டாள்.

மடியில் குட்டி. மடி போதவில்லை. நான்கு மாதத்தில் பதினெட்டுக் கிலோ. நீண்ட பின்னங்கால்கள் ஆட்டோவுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தன.

கிரேட் டேன் சாதி நாய். முழு வெள்ளை. வளர்த்து விற்பவன் எவனோ பைபாஸ் ஓரத்தில் விட்டுப்போனது. ஏன் விட்டான் என்பது அவள் தூக்கி வந்த இரண்டாம் நாள் தெரிந்தது. பக்கத்திலேயே குக்கர் விசிலடித்தது. குட்டி அசையாமல் தூங்கியது.

மூன்று வீடுகளில் வாங்கிப் போனார்கள். மூன்றிலும் திருப்பிக் கொடுத்தார்கள். கூப்பிட்டால் வரவில்லையாம்.

அதன்பிறகு போனிலேயே சொல்லிவிடுவாள். சொன்னதும் வைத்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குமேல் நாய் இருக்கக்கூடாது என்றிருந்தார் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். அப்புறம் காப்பகம்தான். அங்கே நூற்றுச் சொச்சம் நாய்கள். உறுமலைக் கேட்டு விலகத் தெரியாத குட்டியை அவை விட்டுவைக்காது.

இன்று வெள்ளி.

அரியமங்கலத்து வீட்டில் ரெஜினா வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நாய்க்குட்டின்னுதானே போன்ல சொன்னீங்க? கழுதை உசரத்துக்குல்ல நிக்குது. ஏங்க, வந்துட்டாங்க. ஏங்க! பாத்தீங்களா, திரும்புறாரான்னு. முப்பது வருஷம் பட்டறையில பாய்லர் தகட்டை அடிச்சே ரெண்டு காதும் போச்சு. காது மெஷின் வாங்கிக் குடுத்தா பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. இந்த வீட்டுல ஒரு நாயாச்சும் நான் கூப்பிட்டா வரட்டும்னுதான் கேட்டேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

ரெஜினாவின் கணவர் சூசை குட்டியைக் கண்டு பக்கத்தில் வந்தார். குட்டியின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். தன் உள்ளங்கைமேல் வைத்து அளந்தார். கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

தத்தெடுக்கும் படிவத்தை நீட்டினாள். ரெஜினா கண்ணாடி தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பெயர். முகவரி. போன் நம்பர்.

கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா பட்டது.

"காது கேக்காதும்மா."

"அதத்தானே இவ்வளவு நேரம் உங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன்."

"அவருக்கு இல்லம்மா. குட்டிக்கு."

பேனா நின்றது.

ரெஜினா பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். படிவத்தை மடித்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"காபி போடுறேன். குடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவள் படிவத்தைப் பைக்குள் வைத்தாள். குட்டியைக் கூட்டி வர எழுந்தவள், சமையலறை வாசலில் தயங்கினாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சூசை துவைக்கும் கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காலடியில் குட்டி. இருவரும் மதில்மேல் நடக்கும் ஓர் ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பால் பொங்கி அடங்கியது. ரெஜினா அடுப்பை அணைத்தார். வாயைத் திறக்கவில்லை. கதவோரத்துச் சுவிட்சைத் தட்டினார். கொல்லை பல்பு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்து அணைந்தது.

தொண்டை ஓய்ந்த நேரங்களில் அவரைக் கூப்பிடும் முறை போலிருக்கிறது.

கல்லில் இருந்தவர் திரும்பினார்.

குட்டியும் திரும்பியது.

எழுந்தது. ஈரத் தரையில் பாதங்கள் வழுக்க, அவரை முந்திக்கொண்டு ஓடி வந்து சமையலறைப் படியில் நின்றது. நிமிர்ந்து ரெஜினாவின் முகத்தைப் பார்த்தது.

ரெஜினாவின் கை சுவிட்சிலேயே இருந்தது. இன்னொரு தடவை தட்டினார். தேவையே இல்லை.

பிறகு அலமாரியிலிருந்து மூன்று டம்ளர்களை எடுத்து வைத்தார்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, அகலமான ஒரு சட்டியைக் கழுவத் தொடங்கினார்.